மோகனூரில் விட்ட செருப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், எங்கள் சேலம் ஆபீஸில் ஒரு காய்ச்சல் பரவும். எவனும் ஃபைலைத் தொட மாட்டான். பக்கத்து சீட்டுப் பையனுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி ரிசார்ட் படம் காட்டுவான்.

"ஸ்விம்மிங் பூல் இருக்கு சார். காலை டிபன் ஃப்ரீ. ஒரு ராத்திரிக்கு ஆறாயிரம்தான்!"

அந்த 'தான்' இருக்கிறதே, அதுதான் என்னை அடிக்கும். எங்கள் வீட்டு அகராதியில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் 'தான்' உட்கார்ந்ததே இல்லை.

"உங்களையெல்லாம் சின்ன வயசுல டூர் கூட்டிட்டுப் போயிருக்காங்களா சார்?" என்றான்.

"ஒரே ஒரு தடவை. பூம்புகார். அஞ்சு பேர், ரெண்டு நாள், முந்நூறு ரூபாய்."

சிரித்தான். "பூம்புகார்ல என்ன சார் விசேஷம்?"

"செருப்புத் தேடப் போனோம்."

சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1994. எனக்கு ஒன்பது வயசு. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1997 ஜனவரியில். ஊருக்கு ரயில் கிடையாது; அது வந்து சேர 2013 ஆயிற்று. ஆனால் லாரிக்கு மட்டும் பஞ்சமே இல்லை. வெறும் சேஸிஸ் எலும்புக்கூடு மாதிரி வரும். திறந்த சீட்டில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டி வருவார். பட்டறையில் மரவேலை, தகரவேலை எல்லாம் முடிந்து, மாப்பிள்ளை மாதிரி ஆன பிறகு கடைசியாக ஒருவர் பிரஷ்ஷும் எனாமல் டப்பாவுமாக வருவார். அவர்தான் எங்கப்பா. எழுத்து எழுதுகிறவர்.

முதலாளி பேர், குலதெய்வம் பேர், 'ஹாரன் அடிக்கவும்', நெற்றியில் 'நேஷனல் பர்மிட்'. அப்பா கையால் எழுதின லாரி காஷ்மீருக்குப் போகும், கௌஹாத்திக்குப் போகும். அப்பா மட்டும் கிழக்கே திருச்சியையும் தெற்கே பழனியையும் தாண்டினதில்லை. அவருக்குப் பர்மிட் அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் எனக்கு ஒரு ஹவாய் செருப்பு வாங்கித் தந்தார். இருபத்தைந்து ரூபாய், நீல வார். கோயில் வாசலில் மாறிப் போய்விடக் கூடாது என்று, அடியில் மஞ்சள் எனாமலில் என் இனிஷியலை எழுதினார். கை சும்மா இருக்குமா? அதன் கீழேயே குட்டியாக 'நேஷனல் பர்மிட்' என்றும் எழுதிவிட்டார். ஸ்கூலில் என் செருப்பைத் திருப்பிப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

அந்தப் பெருமை இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு மோகனூர் போனோம். எங்களுக்குக் காவேரி என்றால் மோகனூர்தான். அங்கே ஆறு அகலம். இந்தக் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கரை ஆள் எறும்பு மாதிரி தெரிவான். அன்றைக்குத் தண்ணியும் தாராளம். படித்துறையில் ஒரு காலை வைத்தேன். பாசி. நான் தப்பித்தேன், வலது கால் செருப்பு தப்பிக்கவில்லை. நீல வாரை ஆட்டிக்கொண்டே, டாட்டா காட்டுகிற மாதிரி நடு ஆற்றுக்குப் போய்விட்டது.

பர்மிட் இருக்கிறதல்லவா!

நான் போட்ட சத்தத்தில், முளைப்பாரி விட வந்த பொம்பளைகள் எல்லாரும் பிள்ளையே விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். அப்பா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அழுவாத கண்ணு. அது எங்கியும் போயிராது. இந்தத் தண்ணி எங்க போகுது? பூம்புகாருக்கு. அங்க கடலு யாரு பொருளையும் வெச்சுக்காது, கரையில தூக்கிப் போட்டுரும். ஒரு நாளைக்குப் போய் எடுத்துக்கலாம்."

தீபாவளி போனஸ் வருகிற வரைக்கும் இன்னொரு ஜோடிக்கு வழியில்லை என்பதைத்தான் அப்படி அழகாகச் சொன்னார் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் நம்பிவிட்டேன். அழுகை நின்றது. அப்பாவுக்குக் கஷ்டகாலம் ஆரம்பமானது.

ஏனென்றால் தினமும் ராத்திரி, அவர் கையில் மண்ணெண்ணெய் போட்டுப் பெயிண்ட்டைக் கழுவும்போது நான் போய் நிற்பேன்.

"இப்ப எங்கப்பா போயிருக்கும்?"

"முசிறி."

அடுத்த நாள், "இப்ப?"

"முக்கொம்பு." அதற்கடுத்த நாள் கல்லணை. அதோடு அப்பாவுக்குத் தெரிந்த காவேரி தீர்ந்துவிட்டது. மனுஷன் சளைக்கவில்லை. பட்டறைக்கு வருகிற டிரைவர்களிடம் விசாரித்துக்கொண்டு வருவார். "கும்பகோணம்", "மாயவரம்" என்று செருப்பு மெதுவாக நகர்ந்தது. நடுநடுவே, "மதகுல மாட்டியிருக்குதாம்" என்று நாலைந்து நாள் லீவு வாங்கிக்கொள்வார். செப்டம்பர் நடுவில் அவருக்கு ஆறே தீர்ந்துபோயிற்று.

"சேந்துருச்சாப்பா?"

"ம்... சேந்திருக்கும்."

"அப்ப எப்பப் போறோம்?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இருபத்தஞ்சு ரூவாச் செருப்புக்கு முந்நூறு ரூவாய்க்குச் செலவு பண்றதா? ஊரு சிரிக்கும்."

அப்பா பதில் சொல்லவில்லை. ஆயுத பூஜை நெருங்கியதால் பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. இரண்டு வாரம் ராத்திரியிலும் பிரஷ் பிடித்தார். காலாண்டுப் பரீட்சை லீவில், அக்டோபர் 1, 2, சனி, ஞாயிறு என்று தேதி குறித்தாகிவிட்டது. அப்பா, அம்மா, அம்மாயி, அக்கா, நான். மஞ்சள் பையில் கட்டுச்சோறு. தூக்குப்போசியில் இருபத்தைந்து அவித்த முட்டை. எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் முட்டைக்கு வராது. விரிசல் விட்டது பாதி விலை. என் தோள்பையில், பேப்பரில் சுற்றின இடது கால் செருப்பு. ஜோடி சேர்க்க வேண்டுமே!

விடியாத பஸ். தொட்டியம், முசிறி என்று காவேரியை ஒட்டியே வந்தோம். வாழைத்தோப்புக்கு நடுவே ஆறு தெரியும்போதெல்லாம் நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுச் செருப்பு தெரிகிறதா என்று பார்த்தேன். திருச்சிக்குள் நுழையும்போது ஒரு பெரிய பாலம் வந்தது. "இது கொள்ளிடம்" என்றார் அப்பா. ஸ்ரீரங்கம் தாண்டி இன்னொரு பாலம். "இது காவேரி."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ரெண்டு ஆறா? நம்ம ஆறு எதுப்பா?"

"ரெண்டும் நம்ம ஆறுதான். முக்கொம்புல பிரியுது."

"செருப்பு எதுல போயிருக்கும்?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாதான் காப்பாற்றினாள். "அதுக்கு வழி தெரியும், பேசாம வா."

திருச்சியிலிருந்து மாயவரத்துக்குப் பாசஞ்சர். அப்போது மீட்டர் கேஜ். ரயிலைவிட ரயிலுக்குப் பக்கத்தில் போன சைக்கிள்காரர் அவசரத்தில் இருந்தார். தஞ்சாவூர் தாண்டியதும் அம்மா தூக்குப்போசியைத் திறந்தாள். பெட்டி முழுக்க நாமக்கல் மணம்! எதிர் சீட்டு அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்தாள். அம்மாயி சளைக்காமல் அவள் கையில் இரண்டு முட்டையை வைத்து, "பொழைக்க வந்த எடத்துக் கோழியில்லீங்க, எங்கூருக் கோழி" என்றாள். கும்பகோணம் வருவதற்குள் இருவரும் மருமகள்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். அம்மாயிக்கு மருமகளே கிடையாது என்பது வேறு விஷயம்.

ராத்திரி மாயவரத்தில் ஒரு லாட்ஜ். இரண்டு கட்டில், ஐந்து பேர், கொசு கணக்கில்லை. 'ஆயிரமானாலும் மாயூரமாகுமா' என்று ஒரு பழமொழி உண்டு. அந்த ரூமில் குடியிருந்த கொசு ஏதோ ஒன்றுதான் முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ். பூம்புகார் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். கடைசியில் மேலையூர். மேட்டூரில் திறக்கிற தண்ணி கடலுக்குப் போவதற்கு முன் தாண்டுகிற கடைசிக் கதவணை அங்கேதான். அதைத் தாண்டி, கடற்கரை மணலில் இறங்கி, "காவேரி எங்கேப்பா?" என்றேன்.

அப்பாவும் தேடினார். விசாரித்ததில் ஒருவர் கையைக் காட்டினார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. மோகனூரில் எதிர்க்கரை ஆளை எறும்பாகக் காட்டுகிற ஆறு, அங்கே எங்கள் ஊர் ஏரி வாய்க்கால் அகலத்துக்கு, சத்தமில்லாமல் போய்க் கடலில் ஒட்டிக்கொண்டிருந்தது. குடகில் புறப்பட்டு 800 கிலோமீட்டர், வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துக் கொடுத்து, கடலுக்கு மிச்சம் அவ்வளவுதான்.

அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் வந்து சேருது, பாரு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஏனென்றால் அப்பா சொன்னது உண்மை! கரையில் நீளத்துக்குச் செருப்பு! பச்சை வார், சிவப்பு வார், வார் அறுந்தது, பாதி மண்ணில் புதைந்தது. அத்தனையும் ஒத்தைச் செருப்பு. கடல் நிஜமாகவே யார் பொருளையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மணி நேரம் சார்! அடுத்தவன் செருப்பை ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பனும் மகனும் பூம்புகார் சரித்திரத்திலேயே நாங்கள் மட்டும்தான்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டார். "என்ன தேடுறீங்க தம்பி?"

"பையன் செருப்புங்க."

"எங்க விட்டீங்க?"

"மோகனூருங்க. நாமக்கல் பக்கம்."

சிரிப்பார் என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், என் வெறும் காலைப் பார்த்தார். "எந்த மாசம்?"

"ஆடிங்க. பதினெட்டாம் பெருக்கு."

"அடடே. அப்ப தண்ணி ஜாஸ்தில்ல? மிச்சத் தண்ணியை முக்கொம்புலயே கொள்ளிடத்துக்குத் திருப்பிடுவாங்க. கொள்ளிடத்துல போனா இங்க வராதே. பழையாறு பக்கத்துல போயிக் கடல்ல விழும். வடக்கால இருக்கு. அங்க கேட்டுப் பாருங்க."

பொதுப்பணித்துறை என்ஜினீயர்கூட இவ்வளவு பொறுப்பாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்.

"அப்பா, பழையாறுக்குப் போலாம்ப்பா!"

அப்பா சட்டைக்கு உள்பையிலிருந்து பணத்தை எடுத்தார். ஒரு தடவை எண்ணினார். கூடுதலாக வருமோ என்று இன்னொரு தடவை எண்ணினார்.

"அடுத்த வருசம் போலாம் கண்ணு."

பிறகு சிலப்பதிகாரக் கலைக்கூடம் பார்த்தோம். 1973-ல் கட்டினது, ஏழு நிலை மாடம். சுவரெல்லாம் கண்ணகி கதை, கல்லில். அப்பாவுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று, பட்டறைக்குப் போய்விட்டார். ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் நின்று கதை சொன்னார். இங்கிருந்துதான் கோவலனும் கண்ணகியும் காவேரி வடகரையோடு நடந்தே போனார்கள், நாம் அதே ஆற்றோடு எதிர்த்திசையில் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறோம் என்றார். கண்ணகி கையில் சிலம்போடு நின்ற இடத்தில் அம்மாயி கன்னத்தில் கை வைத்தாள்.

"மாப்பிள்ளை, அவ ஒத்தைச் சிலம்பை எடுத்துக்கிட்டு மதுரைக்குப் போனா. நம்ம பய ஒத்தைச் செருப்பைத் தூக்கிக்கிட்டு பூம்புகாருக்கு வந்திருக்கான். ஊரை எரிக்காம கூட்டிட்டுப் போயிருங்க."

கலைக்கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அதிகமில்லை.

வெளியே சங்கு மாதிரியும் சிப்பி மாதிரியும் கட்டின தங்கும் விடுதிகளை, தூர நின்று, காசு செலவில்லாமல் பார்த்தோம். பஸ் ஏறுமுன் அப்பா சொன்னார். "இன்னிக்கு காந்தி ஜெயந்தி கண்ணு. காந்தித் தாத்தா ரயில்ல ஏறும்போது ஒரு செருப்பு கீழ விழுந்துருச்சாம். எடுக்கறவனுக்கு ஜோடியா உதவட்டும்னு இன்னொண்ணையும் தூக்கிப் போட்டாராம். நீயும் அதை இங்கியே விட்டுரேன்."

ஸ்கூலில் கேட்ட கதைதான். நான் யோசித்துச் சொன்னேன். "காந்தி வேற வாங்கிக்குவாரு. எனக்கு யாரு வாங்கித் தருவாங்க?"

சத்தியமாக நான் வம்பாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்டேன். ஆனால் அப்பா முகம் மாறிவிட்டது. மாயவரத்தில் இறங்கியதும் ஸ்டேஷனுக்குப் போகாமல் கடைத்தெருவுக்கு நடந்தார். அம்மா பின்னாலேயே, "ஏனுங்க... ஏனுங்க..." என்று ஓடினாள். நீல வார்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசு அது. நாமக்கல் வந்து சேருகிற வரை ஐந்து பேருக்கும் மிச்சமிருந்த முட்டைதான். அப்பா, "எனக்குப் பசியில்ல" என்றார். அந்த வார்த்தையை நான் அப்போது நம்பினேன். செருப்பு பூம்புகாருக்குப் போகும் என்று நம்பினவனுக்கு இதை நம்புவதா கஷ்டம்?

அந்தப் பழைய ஒத்தைச் செருப்பை அப்பா நாலு சக்கரமாக வெட்டி எனக்கு ஒரு பொம்மை லாரி செய்து கொடுத்தார். நெற்றியில் 'பூம்புகார் – நாமக்கல்' என்று எழுதியிருந்தது.

அடுத்த வருஷம் பழையாறு போகவில்லை. அக்காவுக்குச் சீர். அதற்கடுத்த வருஷம் கூரை. அப்புறம் என் காலேஜ். அப்புறம் ஸ்டிக்கர் வந்தது. பிரஷ் பிடிக்கிற கைக்கு வேலை குறைந்தது. ஆனால் எப்போதாவது டி.வி.யில் மேட்டூர் நிரம்பியதாகச் செய்தி வந்தால், "உன் செருப்பு இந்நேரம் பழையாறு போயிருக்கும்டா" என்பார். அக்காவுக்குக் கல்யாணமான பிறகும், எனக்கே பையன் பிறந்த பிறகும் சொன்னார்.

ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு என்னைச் சமாதானப்படுத்தவா அவ்வளவு செலவு பண்ணினாரு?"

"போடா. உன் செருப்பு ஒரு சாக்கு. எட்டாங்கிளாசுல வாத்தியாரு பூம்புகார்க் கதை சொன்னதுல இருந்து அவருக்கு அதைப் பாக்கணும்னு ஆசை. தனக்குன்னு சொன்னா முந்நூறு ரூவா செலவு பண்ண மனசு வருமா அவருக்கு?"

2018 ஆகஸ்டில் அப்பா போய்விட்டார்.

அந்த மாசம் மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணி வந்துகொண்டிருந்தது. மோகனூரில் காவேரி இரு கரையும் தொட்டுப் போனது. அஸ்தியை அதே படித்துறையில்தான் கரைத்தேன். பாசி இருக்கிறதா என்று பார்த்துத்தான் காலை வைத்தேன். செருப்பை மேலேயே கழற்றி வைத்திருந்தேன்.

வீட்டில் ஒறம்பரை இன்னும் கலையவில்லை. 22-ஆம் தேதி ராத்திரி, முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்துக் கதவணையில் 9 மதகு உடைந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. 1836-ல் கட்டின அணை. மறுநாள் டி.வி.யில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். மூலையில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்த வழியாத்தான் போயிருப்பாரு" என்றாள். "பழையாறு பாக்கோணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருல்ல."

சொல்லி முடித்தபோது மணி ஆறு. ஆபீஸில் பாதி விளக்கை அணைத்துவிட்டார்கள். பக்கத்து சீட்டுப் பையன் செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"பழையாறுக்குப் போனீங்களா சார்?"

"இன்னும் இல்லப்பா." சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்காவது அன்றைக்குக் கையில் காசு இல்லை.

வீட்டுக்கு வந்து பையனிடம் சொன்னேன். "சனி, ஞாயிறு வெளியூர் போறோம்டா."

"எங்கப்பா? ஸ்விம்மிங் பூல் இருக்கா?"

"கடலே இருக்கு."

"அங்க என்ன பார்ப்போம்?"

"ஒரு செருப்பு வர வேண்டியிருக்கு. மஞ்ச எழுத்துல பேரு போட்டிருக்கும்."

அம்மா அடுப்படியில் முட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள்.